ராகுகாலத்தில் வந்த அழைப்பு

வெள்ளத்துரை என்ன வேலை பார்க்கிறார் என்பது அவருடைய மாமனாருக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவே இல்லை. "கம்ப்யூட்டர்ல காலண்டர் பாக்குத வேல மாமா" என்று இவர் ஒரு தடவை சொல்லப்போக, சிவகிரியில் இருந்த அந்த மனுஷன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "எம் மருமவன் சங்கரங்கோயில்ல காலண்டர் கம்பெனில இருக்காரு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். தை பிறப்பதற்கு முன்னால் வருஷம் தவறாமல் ஒரு தினசரி காலண்டர் கேட்டு ஆள் விடுவார். வெள்ளத்துரையும் பூ மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கி, கம்பெனியில் சும்மா கொடுத்தது போலக் கொண்டுபோய்க் கொடுப்பார். உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருப்பதைவிட அது லேசான காரியம்.

உண்மையில் அது ஒரு ஜவுளிக் கம்பெனி. சங்கரன்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓடுகிற விசைத்தறிகளில் நெய்த துணியை வாங்கி, கோயம்புத்தூருக்கு அனுப்பி, அங்கிருந்து வெளிநாட்டுக்கு ஏற்றுகிற கம்பெனி. முதலாளி விஸ்வநாதன், எல்லாருக்கும் அண்ணாச்சி. ரத வீதியில் வீடு, வெளியே நிலபுலம், கோவில் மரியாதை வாங்குகிற பழைய குடும்பம். அவருடைய ஒரே மகன் சிவபிரசாத் கோயம்புத்தூர் ஆபீஸைப் பார்த்துக்கொண்டான். அப்பா இங்கே, மகன் அங்கே, நடுவில் வெள்ளத்துரை.

வெள்ளத்துரைக்குச் சொந்த ஊர் மேலநீலிதநல்லூர். அப்பாவும் அம்மாவும் மானாவாரிக் காட்டில் உளுந்தும் சோளமும் போட்டு, மழை பெய்தால் சாப்பிட்டு, பெய்யாவிட்டால் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனவர்கள். அந்த வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தது இவர்தான். பி.காம். முடித்தார், டைப் அடிக்கப் படித்தார், கம்ப்யூட்டரும் ஒரு கோர்ஸ் முடித்தார், இந்த ஆபீஸில் வந்து உட்கார்ந்தார். நிழலில், ஃபேனுக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. சேர்ந்த புதிதில் அவருடைய அம்மா முப்பிடாதியம்மாள் ஒரு நாள் பஸ் ஏறி வந்தாள். ஆபீஸ் வாசலில் நின்று, மகன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலேயே திரும்பிப் போனாள். அன்றையிலிருந்து அந்த நாற்காலி கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர வெள்ளத்துரைக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

சிக்கல் மெயிலில்தான் ஆரம்பித்தது. இங்கே ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டரும் அதிலிருந்த மெயில் மென்பொருளும் ஆதிகாலத்து வெர்ஷன். கோயம்புத்தூரில் மகன் புது வெர்ஷன் வர வர மாற்றிக்கொண்டே இருப்பான். இங்கே மாற்ற அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவே மாட்டார். "ஓடிக்கிட்டுத்தானல இருக்கு? நின்னா சொல்லு, பாப்போம்" என்பார். அதுவும் சனியன் நிற்கவே இல்லை. சாதாரண மெயிலெல்லாம் ஒழுங்காக வரும், போகும். கூட்டத்துக்கான அழைப்பு மட்டும் உருப்படியாக வந்து சேராது. சிவபிரசாத் அங்கே ஒரு கூட்டத்துக்கு நாளும் நேரமும் குறித்து ஒரு பொத்தானை அமுக்கினால், கோயம்புத்தூரில் எல்லாருடைய காலண்டரிலும் அது தானாகவே போய் ஏறிக்கொள்ளும். சங்கரன்கோவிலுக்கு மட்டும் வெற்று மெயிலாக வரும். உள்ளே ஒரு வார்த்தை இருக்காது. அடியில், தட்டினாலும் திறக்காத ஒரு கோப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது வைரஸ் என்று பயந்து வெள்ளத்துரை அழித்துவிட்டார். கூட்டத்துக்கு அப்பா வரவில்லை என்று மகன் கத்த, எனக்கு யாரும் சொல்லவே இல்லை என்று அப்பா கத்த, கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்து இவரைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சு என்று காய்ச்சினார்கள். அப்புறம் தட்டுத் தடுமாறி ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால், எழுத்தும் எண்ணும் குப்பையாகக் குவிந்து கிடக்கும். தேடினால் நடுவில் ஒரு வரியில் தேதியும் நேரமும் இருக்கும். அந்த நேரமும் நம்முடைய நேரம் இல்லை. ஐந்தரை மணி கூட்டினால்தான் நம்முடைய கடிகாரத்துக்கு வரும். கூட்டி, பழைய மெயிலின் காலண்டரில் கையாலேயே ஏற்றி, அண்ணாச்சியிடம் போய்ச் சொல்வார். இதெல்லாம் எந்தக் கோர்ஸிலும் சொல்லிக் கொடுத்தது இல்லை. சொல்லிக் கொடுத்திருந்தாலும் சங்கரன்கோவிலைத் தாண்டி எதற்கும் ஆகாது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அண்ணாச்சிக்கு ராகுகாலம் என்று ஒன்று இருந்ததே! ராகுகாலத்தில் அவர் பேனா மூடியைக்கூடக் கழற்ற மாட்டார். மகன் புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வெளிநாட்டு வியாபாரியோடு வீடியோ கூட்டம் வைத்தால், இங்கே சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைத் தட்டித் தட்டிச் சாமியாடுவார்.

"புதன்கிழம பன்னெண்டுல இருந்து ஒன்னர ராகுகாலம்னு பச்சப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவன் எங்கல படிச்சான்? இதுல உக்காந்தா என்னத்தல வெளங்கும்?"

மகனிடம் சொன்னால் அவன் அதற்கு மேல். "அண்ணே, வெளிநாட்டுக்காரன்கிட்ட ராகுகாலம்னு நான் சொல்லணுமா? ஆளுக்கு ஒரு பக்கமா நின்னு ஏன் என் உயிர வாங்குதீய?"

உயிர் போனது இரண்டு பேருக்கும் அல்ல, நடுவில் நின்ற வெள்ளத்துரைக்குத்தான். யோசித்து யோசித்து ஒரு ஏற்பாடு செய்தார். அழைப்பு வந்ததும் முதலில் சுவர்க் காலண்டரைப் பார்ப்பார். ராகுகாலத்தில் விழுந்தால், அது முடிந்த கையோடு ஒரு நேரத்தைக் குறிப்பார். கோப்பு திறக்காவிட்டாலும், அந்த வெற்று மெயிலுக்கு மேல் 'வேறு நேரம் கேட்க' என்று ஒரு பொத்தான் உண்டு. முறைக்கு அதை அமுக்கி அனுப்புவார். அப்புறம் கோயம்புத்தூருக்குப் போன் போடுவார். அங்கே கூட்டங்களைக் குறிக்கிற வேலை லட்சுமிப்ரியா என்ற பெண்ணுடையது.

"மேடம், அண்ணாச்சிக்கு அந்த நேரத்துக்கு வேற வேல இருக்கு. ஒன்னே முக்காலுக்கு வச்சுக்கலாமா?"

"சரிங்கண்ணா, பார்த்துக்கலாம்" என்பாள் அவள். பதில் மெயில் எதுவும் வராது. ஆனால் ஒன்றே முக்காலுக்குத் திரையைத் திறந்தால் எல்லாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ராகுகாலம் என்ற வார்த்தை அந்தப் போனில் ஒரு நாளும் வந்ததில்லை. அண்ணாச்சியைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதில் வெள்ளத்துரைக்கு அவ்வளவு அக்கறை. நேரத்தை மாற்றியது பொத்தானா, போனா என்று அவர் யோசித்துப் பார்த்ததும் இல்லை. மாறியது, அது போதும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை ஓய்ந்தது. குடோனில் துணி எண்ணுகிற சாம்சன்தான் கேலி பேசிக்கொண்டே இருப்பான். "ஏ வே தொரை, ரெண்டு கம்ப்யூட்டருக்கும் என்னைக்காவது ஒத்துப் போச்சுன்னா ஒம்ம பொழப்பு என்ன வே ஆகும்?"

"ஒத்துப் போகவா போகுது? அண்ணாச்சி இருக்கிற வரைக்கும் அது நடக்காது வே" என்று வெள்ளத்துரை சிரிப்பார்.

போன வருஷம் ஐப்பசியில் அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் குழறலோடு தப்பியது. சிவபிரசாத் வந்து ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டான். கூடவே ஒரு கன்சல்டண்டையும் பிடித்து வைத்தான். அந்த மனுஷன் சங்கரன்கோவிலை மேப்பிலாவது பார்த்தாரோ என்னவோ, நேரில் பார்க்கவில்லை. அங்கே தறிக்காரர்களிடம் பேசித் துணியை வாங்கி அனுப்ப ஒரே ஒரு ஒருங்கிணைப்பாளர் போதும், மற்றவர்களை அனுப்பிவிடலாம், அந்த ஒரு ஆளையும் நேர்முகம் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளத்துரை வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். மகள் அனு திருநெல்வேலியில் நர்சிங் இரண்டாம் வருஷம். தலையில் பாதி நரைத்துவிட்டது. இனிமேல் எவன் புதிதாக நாற்காலி போட்டு இவரை உட்கார வைப்பான்? சிவபிரசாத்தே போன் போட்டுப் பேசினான். அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"அண்ணே, உங்கள விட்டா அங்கன யாரு இருக்கா? இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. கன்சல்டண்ட் இருப்பாரு, நானும் இருப்பேன். ராஜபாளையத்துல இருந்து இன்னொருத்தரையும் பேருக்குக் கூப்பிட்டிருக்கு. உங்களுக்கு அழைப்பு வரும். நேரத்துக்கு உள்ள வந்துருங்க, போதும். மத்தத நான் பாத்துக்குதேன்."

"சரி தம்பி. வந்துருதேன் தம்பி" என்றார் வெள்ளத்துரை.

செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது. வழக்கம் போல வெற்று மெயில், அடியில் திறக்காத கோப்பு. தன்னுடைய பெயருக்கு முதன்முதலாக ஒரு அழைப்பு வந்திருக்கிறது, அதையும் இப்படித்தான் பிரேதப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. நோட்பேடில் திறந்தார். வரியைத் தேடினார். ஐந்தரை மணி கூட்டினார். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. பழக்கதோஷத்தில் கண் தானாகவே சுவருக்குப் போனது. வெள்ளி, ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

வெள்ளத்துரைக்கு ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. அவருடைய அப்பா மழை பெய்த நேரத்தில் விதைத்த ஆள். முதலாளிக்காக இத்தனை வருஷமும் நேரம் பார்த்தவர், தனக்கென்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் கதை வேறு. வீட்டுக்குப் போய்ச் சுப்புத்தாயிடம் நேரத்தைச் சொன்னார். சுப்புத்தாய் அவர் மனைவி.

"வெள்ளிக்கிழம பதினோரு மணியா? ஏங்க, அது ராகுகாலம்லா!"

"இருந்துட்டுப் போகுதுட்டி. நமக்கென்ன?"

"நமக்கென்னவா? அண்ணாச்சிக்கு இத்தன வருசமா ஒத்த கூட்டம் ராகுகாலத்துல விழாமப் பாத்துக் குடுத்தீயளே. நம்ம பொழப்புக்கு ஒரு தடவ பாக்கக் கூடாதா? நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா, அன்னைக்கே ராகுகாலம்னு தெரிஞ்சிருந்தும் போனோமேன்னு மனசு கெடந்து அடிக்காதா?"

அவள் சொன்னதில் சாமியைவிட நியாயம்தான் அதிகமாக இருந்தது போலப் பட்டது. மற்றவனுக்கெல்லாம் நல்ல நேரம் எடுத்துக் கொடுத்தவனுக்கு, தனக்கு ஒரு நல்ல நேரம் எடுத்துக்கொள்ள உரிமை இல்லையா? அந்த எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு தூங்க விடவில்லை.

மறுநாள் ஆபீஸில் போய் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தார், வைத்தார். மறுபடியும் எடுத்தார். லட்சுமிப்ரியாவிடம் என்ன சொல்வது? அண்ணாச்சிக்கு வேறு வேலை இருக்கிறது என்று முதலாளிக்குச் சொல்லலாம். வேலை கேட்டுப் போகிறவன், எனக்கு அந்த நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்ல முடியுமா? உண்மையைச் சொல்லலாம் என்றால், அந்தக் கன்சல்டண்ட் காதுக்குப் போகும். ராகுகாலம் பார்க்கிற ஆளையா ஒருங்கிணைப்பாளராகப் போடுவது என்று சிரிப்பான். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய்விட்டுக் கேட்க வேண்டாமல், பொத்தானே கேட்டுக்கொள்ளட்டும் என்று தோன்றியது. பன்னிரண்டே காலுக்கு நேரத்தைக் குறித்து, 'வேறு நேரம் கேட்க' என்பதை அமுக்கினார். போய்ச் சேர்ந்தது என்று பழைய மெயில் காட்டியது.

வியாழக்கிழமை முழுக்கப் பதில் ஏதும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை. எந்தத் தடவைதான் வந்திருக்கிறது? பதில் வராததுதான் அந்த ஆபீஸில் சம்மதம். வெள்ளத்துரை நிம்மதியாக வீட்டுக்குப் போய், கல்யாணங்காட்சிக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் சுப்புத்தாயைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போனார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் கேட்க வேண்டுமா! சங்கரநாராயணரைப் பார்த்து, கோமதி அம்மன் சன்னதியில் நின்று நகர்வதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. போனைச் சத்தமில்லாமல் வைத்து வண்டிப் பெட்டிக்குள்ளேயே பூட்டியிருந்தார். அவசரம் ஒன்றும் இல்லையே, ராகுகாலம் முடியட்டும். சுப்புத்தாய் அந்தக் கோவிலில் பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து அவர் நெற்றியில் இட்டாள். "எல்லாம் நல்லபடியா முடியும், பாத்துக்கிடுங்க" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டபோது வெள்ளத்துரைக்கு உண்மையாகவே நெஞ்சு லேசானது. அவருடைய வாழ்க்கையில் நன்றாக இருந்த கடைசி ஒரு மணி நேரம் அதுதான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வெளியே வந்து வண்டிப் பெட்டியைத் திறந்தால் போனில் கோயம்புத்தூர் நம்பரிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். 'நேரம் மாறினதச் சொல்லக் கூப்பிட்டிருப்பாங்க' என்று நினைத்துக்கொண்டு திருப்பிக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. மனைவியை வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார். ராகுகாலம் முடிந்து, பன்னிரண்டே காலும் ஆனது. அந்தக் கோப்புக்குள்ளிருந்து எடுத்து வைத்திருந்த இணைப்பைத் தட்டினார்.

திரை கறுப்பாக நின்றது. கூட்டத்தை நடத்துபவர் வரும்வரை காத்திருக்கவும் என்று ஒரு வரி வந்தது. கீழே ஒரு சின்னக் கட்டத்தில் அவருடைய முகமே தெரிந்தது. நெற்றியில் புற்றுமண் காய்ந்து வெளுத்திருந்தது. காத்திருந்தார். சாம்சன் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன வே, ஒருத்தரையும் காணும்?"

"வருவாங்க வே. நீரு செத்த சும்மா இரும்."

யாரும் வரவில்லை. போன்தான் வந்தது, லட்சுமிப்ரியா.

"அண்ணா, எங்க போயிட்டீங்க? பதினோரு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்து உங்களைத் தேடிட்டு இருந்தோம். எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?"

"மேடம், நான் பன்னெண்டேகாலுக்கு மாத்திக் கேட்டு அனுப்பியிருந்தேனே..."

"இல்லையேண்ணா. புதன்கிழமையே 'வெள்ளத்துரை ஏற்றுக்கொண்டார்'னுதானே வந்திருக்கு. இதோ, என் முன்னாடியே இருக்கு."

இங்கே அமுக்கிய பொத்தான் அங்கே போய் வேறொன்றாக இறங்கியிருக்கிறது. பழைய வெர்ஷன் கேட்டதைப் புது வெர்ஷனுக்குப் படிக்கத் தெரியவில்லை. வேறு நேரம் கேட்டு இவர் இதுவரை அனுப்பியதெல்லாம் அங்கே வெறும் சம்மதமாகத்தான் போய் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நேரத்தை மாற்றியது இவர் போட்ட போன்தான்.

"நீங்க எப்பவும் போன் பண்ணிச் சொல்லுவீங்களேண்ணா" என்றாள் லட்சுமிப்ரியா. அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இந்தத் தடவை ஏண்ணா பண்ணலை?"

அதற்குள் சிவபிரசாத் போனை வாங்கிவிட்டான். "அண்ணே, என்ன ஆச்சு? பதினோரு மணிக்கு அப்படி என்ன? கன்சல்டண்டுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்லா?"

பவர் கட் என்று சொல்லியிருக்கலாம். வயிற்று வலி என்று சொல்லியிருக்கலாம். ராகுகாலம் தம்பி, என் பெஞ்சாதி சொன்னா, எனக்கும் பயமா இருந்துச்சு என்று உண்மையையே சொல்லியிருக்கலாம். அப்பாவைப் பார்த்து வளர்ந்த பையன், ஒருவேளை புரிந்துகொண்டிருப்பான். ஆனால் இத்தனை வருஷம் அந்தப் போனில் சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிப்போன வார்த்தைதான் வந்து தொலைத்தது.

"அந்த நேரத்துக்கு வேற வேல இருந்துச்சு தம்பி."

"வேற வேலையா?" என்றான் சிவபிரசாத். "இதவிட வேற என்ன வேலண்ணே உங்களுக்கு?"

"சரிண்ணே, பாப்போம்" என்று அவன் வைத்துவிட்டான். அந்தப் பாப்போம் என்ன பாப்போம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நேரத்துக்கு வராத ஆளை எதை நம்பி ஒருங்கிணைப்பாளராகப் போடுவது என்று கன்சல்டண்ட் கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ராஜபாளையத்து ஆள் தன் நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, கேட்டதற்கு மளமளவென்று பதில் சொல்லியிருக்கிறான். அவனையே எடுத்துக்கொண்டார்கள்.

சுப்புத்தாய் அழுது தீர்த்தாள். "நான்தான் சொன்னேன், நான்தான் கெடுத்தேன். இந்த வாயில மண்ணப் போட" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நீ சும்மா கெட. போன் போடாதது நான்தான்" என்றார் வெள்ளத்துரை. கடைசி நம்பிக்கையாக அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். மகனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்து கிடந்தார். ஒரு கை மடியில் செத்துக் கிடந்தது. கட்டிலுக்கு எதிரே சுவரில் தினசரி காலண்டர் மட்டும் ஒழுங்காக அன்றைய தேதியில் இருந்தது. வெள்ளத்துரை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். போனில் மறைத்ததை இங்கே மறைக்கவில்லை. ராகுகாலம் என்று நேரத்தை மாற்றிக் கேட்டேன் அண்ணாச்சி, நீங்க பாப்பீயள்லா, அது மாதிரி என்றார். சொல்லும்போதே, இந்த ஒருவருக்காவது தான் செய்தது புரியும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

அண்ணாச்சி குழறலாகக் கேட்டார். "நீ எதுக்குல ராகுகாலம் பாத்த?"

"அண்ணாச்சி..."

"கூப்பிடுதவன் பாப்பான், நேரம். கூப்பிட்டா போறவனுக்கு ஏதுல ராகுகாலம்?"

கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று இவனுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். வெள்ளத்துரைக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷமும் அந்த மனுஷனுக்காகப் பார்த்த நேரத்தில் தன் நேரமும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்று நினைத்திருந்தார். "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மகனிடம் பேசச் சொல்லிக் கேட்கத்தான் போனோம் என்பது ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

அடுத்த வாரம் ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதைச் சாம்சன் குடோனில் ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தான். அவனும் பொங்கலோடு கணக்கை முடித்துக்கொண்டு போகிறவன்தான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து கேலி எதுவும் வரவில்லை. புது மெயில் மென்பொருளைக் கோயம்புத்தூரில் இருந்தபடியே போட்டுவிட்டார்கள். வெள்ளத்துரை தன் நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திறந்தார். திறந்த உடனே ஒரு அழைப்பு வந்து நின்றது. வெற்று மெயில் இல்லை. ஒட்டிக்கொண்ட கோப்பு இல்லை. கூட்ட வேண்டிய ஐந்தரை மணியும் இல்லை. அழகாக, தெளிவாக, நம்முடைய நேரத்திலேயே, காலண்டரில் தானாகப் போய் ஏறியிருந்தது.

வெள்ளத்துரை பொறுப்பை ஒப்படைத்தல். புதன்கிழமை பகல் பன்னிரண்டரை.

கண் சுவருக்குப் போனது. அண்ணாச்சி ஆபீஸுக்கு வராமல் போன பிறகும் தினமும் அந்தத் தாளைக் கிழித்து வந்தது இவர்தான். எழுந்துபோய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அழைப்புக்குக் கீழே மூன்று நான்கு பொத்தான்கள் இருந்தன. வேறு நேரம் கேட்க என்பதும் இருந்தது. இந்த வெர்ஷனில் அதை அமுக்கினால் போகும், அங்கே அவர்களுக்கும் படிக்க வரும்.

வெள்ளத்துரை 'ஏற்கிறேன்' என்பதை அமுக்கினார்.

புதன்கிழமை, நேரம் ஆவதற்கு வெகுநேரம் முன்பே, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தார்.